ஒரு கொக்கி, இரண்டு முடிச்சு

சுவரில் என் முஷ்டி நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. சித்தி அதற்குள் மூக்கை விடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பல் டாக்டரும் ஒரு சொத்தைப் பல்லை இவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்க மாட்டார்.

"ரேடியோ, டார்ச்."

ரேடியோ என்பது நான்தான். வாய் ஓயாது என்பதால் சொந்தக்காரர்கள் கூடி வைத்த பேர். சித்தி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவள். இப்போது வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறிகிறாள். நான் கூடவே போய் டார்ச் பிடிக்கிறேன், கேட்காமலே கருத்தும் சொல்கிறேன்.

எங்களைக் கூட்டி வந்த ஆள் வீட்டுக்குள் வரவில்லை. வெளியே சந்தில், சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தான். டிரில்லுக்காரன் என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கீசர், டிவி, திரைச்சீலைக் கம்பி என்று எதுவானாலும் சுவரில் துளை போட்டு மாட்டிக் கொடுப்பவன். இது அவனுடைய அக்கா வீடு. இந்த அறையில் சுவருக்குச் சுவர் வலையூஞ்சல் மாட்டிக் கொடுத்ததும் அவன்தான். அது பிய்த்துக்கொண்டு விழுந்ததில் அவன் அத்தானுக்குக் கழுத்தில் அடி. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இனி அசையவும் அசையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வாசலில் இனிமேல் கால் வைக்காதே என்று அக்காக்காரி சொல்லிவிட்டாள். அதனால்தான் சன்னல்.

"உள்ள வாப்பா. அக்காதான் வீட்டுல இல்லையே," என்றேன்.

"இல்லாதப்ப வந்தாலும் வந்த மாதிரிதானேண்ணே," என்றான் அவன்.

எனக்கு அவன்மேல் கோபம்கூட வந்தது. இந்தக் காலத்தில் இவ்வளவு நேர்மையாக இருந்தால் எப்படிப் பிழைப்பது?

சாவி கொடுத்த வீட்டுக்காரர் மட்டும் எங்களோடு உள்ளே நின்றார். மாடியில் குடியிருப்பவர். குடித்தனக்காரருக்குக் கழுத்து போனதைவிடத் தன் சுவருக்கு வயிறு போனதுதான் அவருக்குப் பெரிய துக்கம்.

"பாருங்க மேடம், எப்படிப்பட்ட சுவர். இதைப் போய் நாசம் பண்ணிட்டான். ஆணி அடிக்கறதுக்கே என்னைக் கேக்கணும்னு சொல்லியிருந்தேன்."

"சுவரை ஆஸ்பத்திரியில சேர்த்தீங்களா சார்?" என்று கேட்டேன். சித்தி என் காலை மிதித்தாள்.

அவள் அறையின் மூலையில் குனிந்து எதையோ எடுத்தாள். பிடுங்கிக்கொண்டு வந்த கொக்கி. அதன் வால் பக்கம் ஒரு செங்கல் துண்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கொக்கியின் கண்ணில், வலையூஞ்சலின் ஒரு தலைப்பு இன்னும் அவிழாமல் கட்டியபடி இருந்தது.

"தம்பி, இது என்ன போல்ட்?" என்று சன்னலைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆங்கர் போல்ட் மேடம். உள்ள விட்டு முடுக்கினா விரிஞ்சு சுவரைக் கவ்விக்கும்."

"எங்க துளை போட்டே? பூச்சுலயா?"

"ஐயோ, பூச்சு திரைச்சீலையைத் தாங்கும், ஆளைத் தாங்குமா? தட்டித் தட்டிப் பார்த்தேன். ரெண்டு கல்லுக்கு நடுவுல சாந்துலயும் போடல. முழுக் கல்லு, அதோட நடுவுல. தூள் சிவப்பா வந்துச்சு. சாந்தா இருந்தா சாம்பலா வரும். மாட்டி முடிச்சு நானே தொங்கிப் பார்த்தேன், அப்புறம் படுத்துப் பார்த்தேன். அசையல."

"சரி, அந்தப் பக்கம்?"

"அது கான்கிரீட் தூண். அதுல யானையையே மாட்டலாம்."

சித்தி கொக்கியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாரு. கவ்வினதை இது விடவே இல்ல. கல்லோட சேர்ந்து வந்திருக்கு. வேலைக்காரன் வேலை சுத்தம்."

"அப்ப குத்தவாளி செங்கல். சூளைக்காரனைப் போய்ப் பிடிக்கலாம் சித்தி."

"என் கல்லெல்லாம் நல்ல கல்லு," என்றார் வீட்டுக்காரர்.

"கல்லும் நல்ல கல்லுதான்," என்றாள் சித்தி. "அதான் யோசிக்கறேன்."

சன்னல் கம்பிக்கு வெளியே டிரில்லுக்காரன் முகம் கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் மலர்ந்தது. அம்மா அப்பா இல்லாமல் அவனை வளர்த்து ஆளாக்கியது அந்த அக்காதானாம். எங்களிடம் வந்த அன்றைக்கே சொல்லிவிட்டான். கேஸ் வேண்டாம், பேர் வேண்டாம், நான் சரியாகத்தான் மாட்டினேன் என்று அக்காவுக்குத் தெரிந்து அவள் ஒரு தடவை என்னோடு பேசினால் போதும் என்று. அதைச் சொல்லும்போது குழந்தைபோல மூக்கை உறிஞ்சினான்.

சித்தி எதிர்ப்பக்கத் தூணுக்குப் போனாள். அங்கே கொக்கி பிடுங்கவில்லை. ஆனால் வளைந்திருந்தது. அதிலிருந்து வலையூஞ்சலின் மறு தலைப்புக் கயிறு, அறுத்த இடத்தில் பிசிர் பிசிராக நின்றது. அடிபட்டவரைத் தூக்கும்போது யாரோ கத்தியால் அறுத்துத் தள்ளியிருக்கிறார்கள்.

"ரேடியோ, கொக்கி எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு?"

"என்னைப் பார்த்து வளைஞ்சிருக்கு. மரியாதை தெரிஞ்ச கொக்கி."

"நீ நிக்கிறது எங்க?"

நான் நின்றது எதிர்ச்சுவர் ஓரம், அந்தப் பள்ளத்தை மறைத்தபடி. கொக்கி கீழ்ப்பக்கம் வளையவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்து, மட்டம் வைத்தாற்போல நேராக நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு," என்று சித்தி பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காலால் தொட்டாள். "இது எந்த ரூம் ஸ்டூல் சார்?"

"சமையல் ரூம்ல இருக்கும். பரண்ல ஏற வெச்சிருக்காங்க," என்றார் வீட்டுக்காரர்.

"தம்பி, நீ மாட்டினப்ப ஊஞ்சல் தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்?"

"நாற்காலி உயரம் மேடம். கொக்கி ரெண்டும் தோள் உயரத்துல, ஊஞ்சல் நடுவுல நல்லாத் தொங்கி இறங்கும். உக்காந்து அப்படியே சாயலாம். விழுந்தாலும் சிரிச்சுட்டு எந்திரிச்சுக்கலாம். கீழ மெத்தை போட்டுக்கங்கன்னும் சொன்னேன்."

"நாற்காலி உயரத்துல ஏறிப் படுக்க ஸ்டூல் எதுக்கு?"

நாற்காலியிலிருந்து விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டவரை நானும் கேள்விப்பட்டதில்லை. தோள் உயரத்தில் தொங்கிய ஊஞ்சலிலிருந்து விழுந்தால் அது வேறு கதை. சித்தி கைப்பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தாள்.

அந்தக் கைப்பையில் என்னென்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. கயிற்றின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தாள். மறுமுனையைச் சன்னல் கம்பி வழியாக டிரில்லுக்காரனிடம் நீட்டினாள். நடுவில் கைப்பையையே மாட்டினாள்.

"தொய்வா விடுங்க. கனமா இருக்கா?"

"பரவால்ல," என்றோம் இருவரும்.

"இப்ப கயிறு நேரா வர்ற மாதிரி இழுங்க."

இழுத்தேன். அவனும் அந்தப் பக்கம் கம்பியில் முட்டி வைத்து இழுத்தான். கைப்பை கொஞ்சம் எழும்பியதே தவிர, கயிறு நேராகவில்லை. என் தோள்பட்டை கழன்றுவிடும்போலிருந்தது.

"அதே பைதான். எடை ஏறல," என்றாள் சித்தி. "தொய்வா இருந்தா கயிறு மேல தூக்குது. நேரா இழுத்துட்டா சுவரைப் பிடிச்சு இழுக்குது. ஒரு ஆள் படுத்தா, நாலஞ்சு ஆள் சேர்ந்து கொக்கியைப் பிடிச்சுத் தொங்கற மாதிரி. துணி காயப்போடற கொடியை ரொம்ப விறைப்பாக் கட்டினா, ஈரப் போர்வை போட்டதும் ஆணி பிடுங்கிக்கும், பார்த்ததில்லையா? கொக்கி வளைஞ்சதைப் பாரு. இந்த ஊஞ்சலை யாரோ கட்டில் மாதிரி மட்டமா இழுத்துக் கட்டியிருக்காங்க."

அவள் அறுபட்டு நின்ற கயிற்றின் முடிச்சை டார்ச்சில் காட்டினாள். பிடுங்கிய கொக்கியில் இருந்தது சாதாரண முடிச்சு, மேலே ஒரு சுற்று, அவ்வளவுதான். தூணில் இருந்தது வேறு. கயிற்றின் நடுவில் ஒரு சின்னக் கண்ணி, அதற்குள் நுனியை நுழைத்து, மறுபடி பின்னால் இழுத்து, இறுக்கிப் பூட்டியது.

டிரில்லுக்காரன் கம்பிகளுக்கு நடுவே முகத்தை அழுத்தினான். "அது என் முடிச்சு இல்ல."

"எனக்குத் தெரியும். இது லாரிக்காரங்க முடிச்சு. லோடு கட்டறப்போ தார்ப்பாய் மேல இதான் போடுவாங்க. ஒத்த ஆளு மூணு ஆள் பலத்துல இழுத்துடலாம். உன் அத்தான் என்ன வேலை?"

அவன் கம்பியை விட்டுவிட்டான். பதில் எங்களுக்கும் தெரிந்ததுதான். அவன் அத்தான் லாரி டிரைவர். லாரிக்கு அடியில் வலை கட்டிப் படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். வீட்டில் கட்டிலில் படுத்தால் தூக்கம் வராமல் புரளுவார் என்றுதான் இந்த ஊஞ்சலே வந்தது.

"மாட்டினப்ப அத்தான் ஊர்ல இல்ல. அக்கா கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தா," என்றான் அவன் மெதுவாக. "அத்தான்கிட்ட போன்ல சொன்னேன். தொய்வாத்தான் இருக்கணும், இழுக்கக் கூடாதுன்னு. சரி சரின்னாரு."

"லாரிக்காரனுக்குத் தொய்வுன்னா ஆபத்து. கயிறு தொய்ஞ்சா லோடு சாயும், வண்டி கவிழும். அவங்களுக்கு விறைப்பா இருந்தாத்தான் பத்திரம். கெட்ட எண்ணத்துல செஞ்சதில்ல. நல்லா இருக்கணும்னு செஞ்சது."

எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல இருந்தது. கேஸ் முடிந்தது, டிரில்லுக்காரன் நிரபராதி, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாம் சுபம். சன்னலுக்கு வெளியே இருந்தவன் மட்டும் குதிக்கவில்லை.

"உங்களை நீங்களே முடிச்சுக்கிட்டீங்கன்னு அவர்கிட்ட எப்படிண்ணே சொல்றது?" என்று என்னைக் கேட்டான்.

"நீ சொல்ல வேணாம். நாங்க சொல்றோம். உங்கக்கா உன்கூட பேசணுமா, வேணாமா?"

"பேசணும்," என்றான் அவன்.

ஆஸ்பத்திரி வார்டில் அவர் கட்டில் சன்னலோரம். தொண்டையில் குழாயும் தாடையைச் சுற்றிப் பட்டையும் போட்டிருந்தார்கள், பேச முடியாது. கண் மட்டும்தான் அவர் வசம் இருந்தது. டிரில்லுக்காரன் வார்டு வாசல் தாண்டி வரவில்லை. அங்கேயும் அக்கா சொன்னது சொன்னதுதான் அவனுக்கு.

"வீட்டம்மா துணி அலசப் போயிருக்காங்க," என்றாள் நர்ஸ். "இவர்கிட்ட ஏதாவது கேக்கணும்னா கேளுங்க. ஆமான்னா ஒரு தடவை கண்ணை மூடுவார். இல்லன்னா ரெண்டு தடவை."

சித்தி குனிந்தாள். எவ்வளவு பெரிய திருடனிடமும் அதட்டிப் பேசுகிறவள், அன்றைக்குத் தூங்கும் பிள்ளையை எழுப்புகிற குரலில் கேட்டாள்.

"ஊஞ்சல் கயித்தை அவுத்து இழுத்துக் கட்டினது நீங்களா?"

அவர் சித்தியையே பார்த்தார். பிறகு ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

நான் வாசல் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அங்கே நின்றவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் சித்தியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஜெயித்த களையே இல்லை. போர்வை விலகியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. கட்டு அழுக்கேறிப் பழுப்பாக இருந்தது.

"சிஸ்டர், இது எப்பப் போட்டது?"

"அது பழசும்மா, வரும்போதே இருந்துச்சு. லாரிப் பின்கதவு கைமேல விழுந்துடுச்சாம். அதான் லீவுல வீட்டுக்கு வந்தாராம். வந்த அன்னிக்கே இப்படி ஆயிடுச்சு, பாவம்."

அந்த முடிச்சை ஒற்றைக் கையால் போட முடியாது. எனக்கே அது தெரிந்தது. சித்தி மறுபடி குனிந்தாள்.

"ஐயா, பொய் சொன்னீங்களா?"

இந்தத் தடவை அவர் கண்ணை மூடவே இல்லை. மேலே சுற்றும் ஃபேனை முறைத்துப் பார்த்தபடி இருந்தார். இமைத்துவிட்டால் ஏதாவது சொன்னதாகிவிடுமே என்று பயந்து, கண் சிவக்கச் சிவக்க அப்படியே வைத்திருந்தார்.

அப்போதுதான் பின்வாசல் வழியாக அவர் மனைவி வாளியோடு வந்தாள். ஈரப் புடவை, கலைந்த தலை, தூக்கம் கண்டு வெகு நாளான முகம். எங்களை ஒரு பார்வை பார்த்தாள். ஆஸ்பத்திரியில் யார் யாரோ வருவார்கள் போவார்கள் என்று விட்டுவிட்டாள்போல. கட்டிலுக்கு மறைப்பு இல்லை. நாலு பேர் பார்க்க அவருக்கு உடம்பு துடைக்க வேண்டியிருக்கிறதே என்று சன்னல் கம்பிக்கும் சுவர் அலமாரிக் கைப்பிடிக்கும் நடுவே ஒரு கயிறு கட்டி வைத்திருந்தாள். அது தளர்ந்து தொங்கியது. வாளியை வைத்துவிட்டு அதை அவிழ்த்தாள்.

கயிற்றின் நடுவே விரலால் ஒரு சுழற்று. சின்னக் கண்ணி. நுனியைக் கைப்பிடியில் சுற்றி, கண்ணிக்குள் நுழைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து ஒரு இழுப்பு. கயிறு டங்கென்று நின்றது. யோசிக்காமல், வேறெங்கோ பார்த்துக்கொண்டே பூட்டி முடித்தாள். மேலே போர்வையைப் போட்டாள்.

வாசலில் நின்றவனைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். அவனும் பார்த்திருந்தான். நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நல்லா விறைப்பாக் கட்டறீங்களேம்மா," என்றாள் சித்தி. "யார் சொல்லிக் கொடுத்தது?"

"இவர்தான். கல்யாணமான புதுசுல இவரோட லாரியில போவேன். கயிறு தொய்ஞ்சா உயிர் போயிடும்னு அப்பவே கத்துக் கொடுத்தாரு." புருஷன் நெற்றியைத் துடைத்தபடியே சொன்னாள். "நீங்க யாருங்க?"

"இன்ஷூரன்ஸ்ல இருந்தவ. எப்படி ஆச்சுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்னத்தைக் கேக்கறீங்க. கையில கட்டோட வந்தாரு. ஊஞ்சல்ல படுத்தா மடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, முதுகு வலிக்குது, எந்திரிக்க முடியலன்னாரு. பாவமேன்னு நான்தான் அவுத்து, கட்டிலாட்டம் நேரா இழுத்துக் கட்டி, ஏறிப் படுக்க ஸ்டூலும் போட்டேன். அன்னிக்காவது நிம்மதியாத் தூங்கட்டும்னு செஞ்சேன். மாட்டினவன் கொக்கியைச் சரியா மாட்டியிருக்கணும் இல்ல?"

அவளுக்குத் தெரியாது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்குக் கொஞ்சமும் தெரியாது. ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். சித்தி வாயைத் திறந்தாள். நான் அவளை முந்தப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேரையும் முந்திக்கொண்டு டிரில்லுக்காரன் உள்ளே வந்துவிட்டான்.

"அக்கா."

அவள் நிமிர்ந்தாள். முகம் கல்லாகிவிட்டது.

"உன்னை யாரு உள்ள விட்டா?"

"நான் சொல்லிட்டுப் போயிடறேன். நான் சின்ன போல்ட்தான் போட்டேன். பெருசு வாங்கப் போக சோம்பேறித்தனம். பூச்சுலதான் போட்டேன், கல்லுல போடல. தப்பு என்னோடதுதான். இவங்ககிட்டயும் ஒத்துக்கிட்டேன்."

செங்கல்லைக் கவ்விய அந்தக் கொக்கி சித்தியின் கைப்பையில்தான் இருந்தது. அதை எடுத்துக் கட்டில்மேல் வைத்தால் போதும், தம்பி நிரபராதி. ஆனால் அடுத்த நிமிஷம் அக்கா என்ன ஆவாள்? காலம் முழுக்க இந்த உடம்பைத் திருப்பிப் போட்டுத் துடைக்கப்போகிறவள் அவள். சித்தி கைப்பையின் வாயை இறுக மூடிக்கொண்டாள். எத்தனையோ பொய்களைப் பிடித்துக் கிழித்தவள், ஒரு பொய்யின் முன்னால் வாயடைத்து நிற்பதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை முட்டியது.

"இத்தனை நாளா நான் சரியாத்தான் மாட்டினேன்னு ஊரெல்லாம் சொன்னியே," என்றாள் அக்கா.

"பொய் சொன்னேன்."

"வளர்த்த கைக்கு நல்ல மரியாதை பண்ணிட்டே. போ. நான் செத்தாலும் வராதே. எனக்குத் தம்பின்னு எவனும் இல்ல."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட என்றைக்காவது ஆறிவிடும் என்று நம்பலாம். அவன் தலையாட்டினான். சரி என்பதைப்போல இரண்டு தடவை ஆட்டிவிட்டு, அத்தானை ஒரு தடவை பார்த்தான்.

கட்டிலில் கிடந்தவரின் இரண்டு கண்களும் அவனையே பார்த்தன. வேகமாக, இரண்டிரண்டு தடவையாக மூடித் திறந்தன, மறுபடி மறுபடி. என்ன சொல்கிறார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கடைவாயும் உதடும் அசையப் பார்த்து, முடியாமல் நின்றன. கண்ணோரம் வழிந்த தண்ணீர் காதுக்குள் இறங்கியது, துடைக்கக் கை எழவில்லை.

அக்கா ஓடிப்போய் முந்தானையால் அதை ஒற்றி எடுத்தாள். பிறகு தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"போடா முதல்ல. உன்னைப் பார்த்ததும் அவருக்கு எப்படிப் பதறுது பாரு."